நின்றவள் கீழே போன காட்சி

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் போர்டில் ஒரு நாற்காலி வரைவேன். நாற்காலியில் ஓர் ஆள், எதிரே நிற்கும் இன்னோர் ஆள். கேமராவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பேன். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொல்வார்கள். கீழே வைத்து மேல்நோக்கி எடுத்தால் அந்த ஆளுக்கு அதிகாரம். மேலே வைத்துக் கீழ்நோக்கி எடுத்தால் அந்த ஆள் பலவீனம். இதில் யார் நல்லவர் என்று கேட்டால், சின்னதாகத் தெரிகிறவர்தான் என்று அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் சினிமா பாடம் எடுக்கிறேன். கோபப்பட்டால் பிள்ளைகள் புகார் எழுதுகிற காலம் இது. அதனால் அடக்கிக்கொள்வேன். உண்மையில் கோபம் அவர்கள்மேல் இல்லை. இருபத்தொரு வயதில் நானும் இதையேதான் ஒப்பித்தேன். ஒப்பித்ததோடு நிறுத்தியிருந்தால் தேவலை. அதை வைத்து என் அம்மாவைப் படம் எடுத்தேன்.

அம்மா தெரு கூட்டும் வேலை பார்த்தாள். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீடு ஒரே அறைதான். அதற்குள் அம்மா, நான், தம்பி. அப்பா நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா விடியுமுன் எழுந்து சோறு வடித்து வைத்துவிட்டு, சேலைக்கு மேல் ஆரஞ்சு நிறக் கோட்டு போட்டுக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் மஸ்டரிங்குக்குப் போய்விடுவாள். மஸ்டரிங் என்றால், அந்த வார்டில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி ஆஜர் கொடுப்பது. அதைக் கொடுத்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுக்க முடியும். அங்கே ஒரு தகரக் கூரை அறை, அதற்குள் ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. நாற்காலி மேஸ்திரிக்கு. மற்றவர்கள் எத்தனை நேரமானாலும் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் யாரும் உட்கார்ந்ததும் இல்லை.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அது நடந்தது. அம்மாவோடு வேலை பார்த்த ஒரு அக்கா குனிந்து குப்பையை அள்ளிக்கொண்டிருந்தபோது, குப்பை வண்டியை ஓட்டியவன் போன் பேசிக்கொண்டே பின்னால் எடுத்து அவள் காலில் ஏற்றிவிட்டான். பக்கத்தில் நின்று பார்த்தது அம்மா ஒருத்திதான். ஓட்டியவன் மேஸ்திரியின் மச்சினன். மறுநாள் காலையில் மஸ்டரிங் முடிந்ததும் மேஸ்திரி அம்மாவை மட்டும் இருக்கச் சொன்னான். மேசைமேல் எழுதித் தயாராக ஒரு காகிதம். அந்த அக்கா தானே வழுக்கி வண்டிக்கு அடியில் விழுந்தாள் என்று அதில் எழுதியிருந்தது. அம்மா அதில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும்.

அவன் கன்னடக்காரன். "நோடிதியேனம்மா?" என்று கேட்டானாம். நீ பார்த்தாயா என்று அர்த்தம். பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு ரேகை வைத்துவிட்டுப் போ என்பதுதான் அந்தக் கேள்வியின் தொனி. அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நோடிதே." பார்த்தேன். மறுபடி கேட்டான். மறுபடியும் அதையே சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மா இதைச் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. சட்டி கழுவிக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"அவன் என் மூஞ்சியவே பாக்கல பாப்பா. பேனா மூடியத் தொறக்கறதும் மூடறதுமா ஒக்காந்துனு இருந்தான். நான் மேல நின்னுனு இருந்தேனா, அவன் உச்சந்தலைதான் எனக்குத் தெரிஞ்சுது. நடு மண்டையில ஒரு ரூபா அளவுக்கு வழுக்க. இத்தன வருசமா அவன்கிட்ட வேலை செய்றேன், இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த வாரமே அம்மாவை ஊரின் அந்தக் கோடியில் ஒரு வார்டுக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நாலரை மணிக்கே கிளம்புவாள். இரண்டு வருடம் அப்படிப் போனாள். அந்தக் காகிதத்தில் அவள் ரேகை விழவே இல்லை. கால் நசுங்கிய அக்காவுக்கு வேலை போகவில்லை.

கடைசி வருடம் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும் என்றார்கள். என் வகுப்பில் பிள்ளைகள் காதல் தோல்வி, காபிக் கடை, மழை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் நிஜமான கதை ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மேஸ்திரி அறையில் நடந்ததை அப்படியே ஒரு காட்சியாக எடுப்பேன் என்று சொன்னேன். அப்படியே என்று நான்தான் சொன்னேன்.

நடிக்க ஆள் பிடிக்க வழியில்லை. அம்மாவையே கேட்டேன். முதலில் வெட்கப்பட்டாள்; பிறகு ஒத்துக்கொண்டாள். எங்கள் சந்தில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் மேஸ்திரி வேஷம். பெரிய மீசை, பூனைக்குட்டி மனசு. அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவை மிரட்டுவதற்கு முன்னாலும், "அக்கா, தப்பா நெனச்சிக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் மிரட்டுவார். ஜோகுபாளையத்தில் ஒரு டியூஷன் அறையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டு வாங்கினேன். கேமரா கல்லூரியுடையது, மெமரி கார்டு ஒன்றே ஒன்று.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் அம்மா தன் கோட்டைத் துவைத்து, இஸ்திரிக் கடையில் கொடுத்து மடிப்பு கலையாமல் வாங்கி வைத்திருந்தாள். காலையில் அதைப் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்து நின்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கோட்டைக் கழற்றச் சொல்லி, கசக்கி, டீத் தண்ணீரைத் தெளித்து அழுக்காக்கினேன். அம்மா ஈரமாக இருந்ததையே போட்டுக்கொண்டாள்.

நான் செய்ததையெல்லாம் இப்போது பாடமாகவே நடத்த முடியும். மேஸ்திரிக்குக் கேமராவைத் தரையில் படுக்க வைத்தேன். அகல லென்ஸ் போட்டதால் மேசை விளிம்பு கோட்டைச் சுவராக நீண்டது, அதற்குப் பின்னால் ஆட்டோ அண்ணனின் மீசை மலையாக உயர்ந்தது. அம்மாவுக்கு ஏணி போட்டு உச்சியில் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் அவளைச் சுற்றி வெறும் தரை, நடுவில் அவள் ஒரு புள்ளி. ஜன்னல் கம்பியின் நிழல் அவள் முகத்தில் கோடு கோடாக விழும்படி விளக்கை நகர்த்தினேன். பிறகு எடிட்டிங்கில் கோட்டின் ஆரஞ்சு நிறத்தை உறிஞ்சிச் சாம்பலாக்கினேன். அதிகாரம் அவனிடம், நியாயம் இவளிடம் என்று பார்ப்பவர்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா. நியாயம் உள்ளவர்கள் எப்போதும் சின்னதாக, சாயம் போய், நிழலுக்குள் இருப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. அம்மாவுக்குத் தலை குனியத் தெரியவில்லை. சொன்னால் கொஞ்சம் குனிவாள். வசனம் வரும்போது தானாக நிமிர்ந்துவிடுவாள். ஏணி மேலிருந்து, "இன்னும் கொஞ்சம் கீழே", "இன்னும் கீழே" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கார்டில் இடம் தீர்ந்துகொண்டே வந்தது. சரியில்லாத டேக்கையெல்லாம் அங்கேயே அழித்துவிட்டு அடுத்ததை எடுத்தோம். மாணவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ஏழாவது டேக்கில் அம்மாவின் முகவாய் நெஞ்சில் முட்டியது. "நோடிதே" என்பது முனகலாக வந்தது. "ஓகே" என்று கை தட்டினேன். அது ஒன்றுதான் மிஞ்சியது.

படத்தைக் கல்லூரி அரங்கில் ஒரு மத்தியானம் போட்டார்கள். அம்மா வேலை முடிந்து அப்படியே வந்தாள். கூட வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேரையும் அழைத்து வந்திருந்தாள். கால் நசுங்கிய அக்காவும் நொண்டி நொண்டிப் படியேறி வந்தாள். எல்லாரும் கடைசி வரிசையில் கோட்டோடு உட்கார்ந்தார்கள். என் படம் முடிந்ததும் அரங்கமே எழுந்து கை தட்டியது. எங்கள் ஆசிரியர் மேடையேறி அந்த ஏணி ஷாட்டை மறுபடி ஓட விட்டு, அதிகாரத்தைக் கேமரா எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதுதான் உதாரணம் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே வந்தபோது நொண்டும் அக்கா அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன்க்கா, எனக்காவ நீ அன்னிக்கு இப்பிடியா நின்னே? எங்கிட்ட வேற மாரி சொன்னாங்களே."

அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். உடனே சிரித்துக்கொண்டு, "படம்னா இப்பிடித்தான் எடுக்கணுமாம். எம்பொண்ணு படிச்சிகீறா, அவளுக்குத் தெரியாதா" என்றாள்.

ஸ்ரீராம்புரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள்.

"கோட்டு ஏன் சாயம் போனா மாரி கீது?"

"அது கலர் கரெக்ஷன்மா."

"அவன் ஒக்காந்துனு இருந்தான். நான் நின்னுனு இருந்தேன். நின்னவ எப்பிடி பாப்பா கீழ போனா?"

நான் விளக்கினேன். சினிமாவுக்கு ஒரு மொழி இருக்கிறது, பார்ப்பவர் மனதில் ஒரு உணர்வு வர வேண்டும், அதற்காக இடத்தை மாற்றலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டாள். "ஓ, அப்பிடியா" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. கல்லூரியில் கொடுத்த கேடயத்தை மட்டும் டிவி மேல் வைத்து வாரா வாரம் துடைப்பாள்.

அவள் கேள்வி எனக்கு உறைக்க நாலைந்து வருடம் ஆனது. நானே பாடம் நடத்த ஆரம்பித்தபின், ஒரு நாள் போர்டில் நாற்காலியை வரைந்துகொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. உட்கார்ந்திருப்பவன் கண் எங்கே இருக்கிறது, நிற்பவள் கண் எங்கே இருக்கிறது என்று ஒரு கோடு போட்டேன். அவள் கண்தான் மேலே. அந்த அறையில் நாற்காலியும் மேசையும் காகிதமும் மச்சினனும் அவன் பக்கம். ஆனாலும் அவன்தான் நிமிர முடியாமல் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அம்மா இதையெல்லாம் சட்டி கழுவும்போதே எனக்குச் சொல்லியிருந்தாள். கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. அவள் கண் இருந்த உயரத்தில் வைத்து அந்த வழுக்கையைக் காட்டியிருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டியிருந்திருக்காது.

மேஸ்திரிக்குக் குனியாத தலை. அதை ஏழு தடவை முயன்று நான் குனிய வைத்தேன்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதை எப்படிக் கேட்பது? மறுபடி எடுக்கலாமா அம்மா என்று ஒரு தீபாவளிக்குக் கேட்டேன். "எனுக்கு மூச்சு வாங்குது, அப்பறம் பாக்கலாம்" என்றாள். தெருவின் தூசியெல்லாம் முப்பது வருடம் அவள் நெஞ்சுக்குள்தான் போயிருந்தது. நான் என்னை ஒன்று சொல்லித் தேற்றிக்கொள்வேன். அம்மா படப்பிடிப்பு அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாற்றியிருப்பேன். படம் முடிந்து, எல்லாரும் பார்த்தபிறகு, பஸ்ஸில் வைத்துச் சொன்னாள். நான் என்ன செய்ய முடியும்? இந்த ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை வருடமும் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வருடம் அம்மா இறந்துபோனாள். மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாள் இருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்றான் தம்பி. அப்போதுதான் தெரிந்தது, அம்மாவுக்கு உருப்படியான ஒரு போட்டோ இல்லை. கல்யாணக் கூட்டத்தில் பாதி முகம். என் போனில் இருந்தவற்றில் எல்லாம் கையை ஆட்டி, எடுக்காதே என்று முகத்தை மூடியிருந்தாள். வேலை அடையாள அட்டையில் ஒரு போட்டோ, கறுத்துப் போய், யாரென்றே தெரியாமல். நல்ல வெளிச்சத்தில், நல்ல கேமராவில், அம்மா முழுதாக இருப்பது ஒரே இடத்தில்தான். "உன் படத்துலேர்ந்து எடுத்துக்கலாம்க்கா" என்றான் தம்பி. சினிமாக்காரி வீட்டில் அம்மாவுக்குப் படம் இல்லை என்று யாரும் சிரிக்கவில்லை. நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த ஏழாவது டேக் இருந்தது. ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். முதல் பிரேமிலிருந்து கடைசி பிரேம்வரை அம்மா குனிந்தே இருந்தாள். வகிடு தெரிந்தது, எண்ணெய் வைத்த முடி தெரிந்தது, முகம் இல்லை. மற்ற ஆறு டேக்குகளையும் அன்றைக்கே அழித்திருந்தேன். ஆறிலும் அவள் கொஞ்சமாவது நிமிர்ந்திருப்பாள். முதல் டேக்கில், நான் எதுவும் சொல்லிக் கொடுக்கும் முன்னால், எப்படி நின்றாள் என்று யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

போட்டோ ஸ்டுடியோவில் இருந்தவர் அந்தப் பிரேமைப் பார்த்தார். "தலைய நிமித்திடலாம் மேடம். இப்ப எல்லாம் வந்திருச்சு, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். சொன்னபடியே செய்தும் காட்டினார். திரையில் அம்மாவின் சேலை, அம்மாவின் கோட்டு, அதன்மேல் நிமிர்ந்த ஒரு முகம். தோல் வழுவழுவென்று இருந்தது, லேசாகச் சிரித்தது. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லாத்தானே கீதுக்கா" என்றான்.

"வேணாம்" என்றேன். "ஏன்?" என்றான். குனிய வைத்தது ஒரு தடவை போதாதா, இப்போது நிமிர்த்தவும் அவளைக் கேட்காமல் நாமே செய்ய வேண்டுமா என்று தோன்றியது. அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கி மாலை போட்டோம். கறுப்பாக, கலங்கலாக இருந்தாலும் அதில் அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், டிஸ்கில் வேறு ஏதாவது கிடைக்குமா என்று மறுபடி துழாவினேன். ஒலி என்று ஒரு தனி போல்டர் இருந்தது. மறந்தே போயிருந்தேன். கேமராவில் குரல் சரியாகப் பதியாது என்று, ஒரு நண்பனின் போனை மேசைமேல் பதிவேடுகளுக்கு நடுவில் ஒளித்து வைத்து எடுத்திருந்தோம். போனில் இடம் இருந்ததால் அதில் யாரும் எதையும் அழிக்கவில்லை. ஏழு பதிவுகள். முதலாவதைத் திறந்தேன்.

கிளாப் சத்தம். ஆட்டோ அண்ணன் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "நோடிதியேனம்மா?" என்கிறார். பின்னால் மின்விசிறிச் சத்தம்.

"நோடிதே."

அவ்வளவு தெளிவாக இருந்தது. நடுக்கம் இல்லை, கோபமும் இல்லை. பக்கத்து வீட்டில் பால் வந்துவிட்டதா என்று கேட்டால் வந்துவிட்டது என்று சொல்வாளே, அந்தக் குரல். இருபத்து மூன்று நாளாக அழாதவள் அப்போதுதான் அழுதேன். நிறுத்தியிருந்தால் அதோடு போயிருக்கும். நிறுத்தத் தோன்றவில்லை.

"கட், கட். சரியில்ல." என் குரல். மேலேயிருந்து வருகிறது.

செருப்புச் சத்தம். பிறகு அம்மா. "ஏன் பாப்பா, அன்னிக்கு இப்பிடித்தான் நின்னேன்."

"தெரியும்மா." எவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கிறேன். "நீ சொன்னது எனக்கு ஞாபகம் கீது. ஆனா இப்பிடி நின்னா உன்னப் பாத்து யாருக்கும் அழுக வராது."

"அழணுமா?"

"ஆமாம்மா. அழுதாத்தான் படம்."

மின்விசிறி சுற்றுகிறது. ஆட்டோ அண்ணன் எதற்கோ இருமுகிறார்.

"சரி" என்றாள் அம்மா. "எவ்ளோ குனியணும்னு சொல்லு."

சொல்லியிருக்கிறேன். அதுவும் பதிவாகியிருக்கிறது.